கதியால் பிடுங்கியவரைத் தேடி நான்கு நாட்கள்

திங்கட்கிழமை காலை ஆறு ஐம்பதுக்கு எல்லாம் கெடத் தொடங்கியது. நாகர்கோவிலில் என் வீட்டு அடுக்களையில் ஆப்ப மாவைக் கலக்கிக்கொண்டிருந்தேன். ஒன்பதரைக்குப் பத்தாம் வகுப்புக்கு வரலாற்றுத் தேர்வு வைத்திருந்தேன். போன் அடித்தது. யாழ்ப்பாணத்திலிருந்து மகள் ஜெனி.

"அம்மா, முதல்ல பயப்படாத."

பயப்படாதே என்று தொடங்கிய எந்தச் செய்தியும் என் வாழ்க்கையில் நல்லதாக முடிந்ததில்லை. டெங்கு. நான்கு நாட்களாகக் காய்ச்சல். மருத்துவமனையில் சேர்த்திருக்கிறார்கள், ரத்தத் தட்டணுக்கள் இறங்கிக்கொண்டே போகின்றன. நான்கு நாட்களாக ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். "சொன்னா நீ கிளம்பி வந்துருவ, அதான்" என்றாள்.

கிளம்பி வந்துவிட்டேன். அவள் அப்பாவுக்கு பாஸ்போர்ட் இல்லை. எனக்கு இருந்தது. போன வருடம் எங்கள் சபையில் எருசலேம் யாத்திரை போகிறார்கள் என்று எடுத்து, யாத்திரை நின்றுபோய், பீரோவில் கிடந்தது. செவ்வாய் மாலை யாழ்ப்பாணத்தில் அவள் கட்டிலருகே நின்றேன். கையில் சேலைன் ஊசி, உதடு வெடித்திருந்தது, கண்கள் உள்ளே போயிருந்தன. நான் அழுதுகொண்டே குனிந்தேன். பெற்ற பெண் என்னைப் பார்த்துச் சொன்ன முதல் வாக்கியம்: "அம்மா, வெள்ளிக்கிழமை அஞ்சு மணிக்குள்ள ராசையா ஐயாவைப் பிடிச்சாகணும்."

ஜெனியின் ஆய்வைச் சொல்லாமல் என் எரிச்சலைச் சொல்ல முடியாது. எங்கள் வேதாகமத்தின் பழைய கதைகளை வைத்து, இஸ்ரவேலருடைய சட்டம் நடைமுறையில் எப்படி இருந்தது என்று கூற முடியுமா என்பதுதான் அவள் கேள்வி. சட்டம் தனியாக எழுதப்பட்டிருக்கிறது. கதையில் வரும் மனிதர்களோ பல இடங்களில் வேறு மாதிரி நடக்கிறார்கள். ஒரு மாமனார், விதவையான மருமகள் கர்ப்பமாக இருக்கிறாள் என்று கேள்விப்பட்டதும் அவளை வெளியே கொண்டுவந்து எரிக்கச் சொல்கிறான். அது சட்டமா, அவனுடைய கோபமா? இறந்தவனின் சகோதரன் கடமையைச் செய்ய மறுத்தால், விதவை அவன் செருப்பைக் கழற்றி முகத்தில் துப்ப வேண்டும் என்கிறது சட்டம். கதையிலோ, நிலத்தை மீட்க வேண்டிய உறவினன் ஊர்வாசலில் வைத்து முடியாது என்று சொல்லி, தன் செருப்பைத் தானே கழற்றி அடுத்தவனிடம் கொடுத்துவிடுகிறான். துப்பலும் இல்லை, அந்த இடத்தில் விதவையும் இல்லை. கதை சொல்பவர் நடுவில் நிறுத்தி, முற்காலத்து வழக்கம் அப்படி என்று விளக்கம் வேறு கொடுக்கிறார். இந்தக் கதையை ஞாயிறு பள்ளியில் இருபது வருடமாகச் சொல்லிக்கொடுக்கிறேன். ஒரு பிள்ளையும் இதில் வில்லங்கம் கண்டதில்லை. என் பிள்ளை மட்டும் கண்டாள்.

அதற்கு யாழ்ப்பாணம் எதற்கு? இங்கே தேசவழமை என்று ஒரு சட்டம் உண்டு. வாய்மொழியாக இருந்த வழக்கங்களை டச்சுக்காரர் காலத்தில் எழுதிவைத்தார்கள், இன்றும் செல்லும். ஒருவர் காணியை விற்பதென்றால் உரித்துக்காரருக்கும், அதாவது வாரிசுரிமை உள்ளவருக்கும், பங்காளிக்கும் முதலில் சொல்ல வேண்டும். அவர்கள் வேண்டாம் என்ற பிறகே வெளியாளுக்குக் கொடுக்கலாம். வேதத்தில் இருக்கிற அதே ஏற்பாடு, உயிரோடு இருக்கிறது என்று ஜெனி இங்கே வந்து ஆறு மாதமாக உட்கார்ந்திருக்கிறாள்.

கொடிகாமத்தில் அவளுக்கு ஒரு கதை கிடைத்தது. நாற்பது வருடத்துக்கு முன்னால் ஒரு விதவை காணியை விற்றாள். முதல் உரித்து இறந்தவரின் தம்பி ராசையாவுக்கு. பத்திரம் எழுதும் நொத்தாரிசு வந்து, ஊர் கூடி, ராசையாவைக் கூப்பிட்டு, வாங்குகிறாயா, விடுகிறாயா என்று கேட்டார்களாம். அவர் ஒன்றும் பேசாமல் வேலியிலிருந்து ஒரு கதியாலைப் பிடுங்கி, வாங்க வந்தவர் கையில் கொடுத்துவிட்டுப் போய்விட்டாராம். கதியால் என்பது வேலிக்கு நடுகிற பச்சைக் கம்பு, நட்டால் துளிர்க்கும். மூன்று பேர் தனித்தனியாக இந்தக் கதையைச் சொல்லியிருக்கிறார்கள். மூவரும் கடைசியில் ஒரே வார்த்தையைச் சொன்னார்களாம்: "அந்தக் காலத்து வழக்கம் அப்பிடி."

அங்கே செருப்பு, இங்கே கதியால். அதன் மேல் ஓர் அத்தியாயமே கட்டிவிட்டாள். படித்துப் பார்த்த அவள் பேராசிரியர் ஒரு வரி எழுதினார்: கதையின் ஆள் உயிரோடிருக்கும்போது, கேட்டவர்கள் சொன்னதை மட்டும் வைத்து எழுதக் கூடாது, அவரைக் கேட்டு எழுது, அல்லது அத்தியாயத்தை எடுத்துவிடு. கடைசி நாள் வெள்ளி. அத்தியாயம் போனால் ஆய்வேடு ஒரு வருடம் தள்ளிப்போகும். ஆய்வேட்டை நம்பிக் கிடைத்திருக்கிற கல்லூரி வேலையும் போகும். ஆறு வருட உழைப்பு, கையில் ஊசியோடு கட்டிலில் கிடக்கிறது.

"நீ குணமாகு. வேலை கிடக்கட்டும்" என்றேன்.

"சரி, நான் போறேன்" என்று எழுந்து உட்கார்ந்தாள். சேலைன் குழாயில் ரத்தம் ஏறியது. நர்ஸ் ஓடிவந்து என்னைத் திட்டினாள். அப்படித்தான் நான் ராசையாவைத் தேடிப் போனேன்.

புதன் காலை. மருத்துவமனை கேன்டீனில் இடியப்பமும் சொதியும். சொதி என்பது தேங்காய்ப்பாலில் வைத்த மஞ்சள் குழம்பு, எங்கள் ஊரில் கல்யாணத்து மறுநாள் வைப்போம். இங்கே தினமும் வைக்கிறார்கள். நன்றாகத்தான் இருந்தது. எனக்கு இறங்கவில்லை.

சீலன் என்ற ஓட்டோக்காரர் யாழ்ப்பாண நகர ஓரத்துக் கொழும்புத்துறைக்குக் கூட்டிப்போனார். நாற்பது வயதிருக்கும், வாய் ஓயாது. ராசையா அங்கே மகள் மலர் வீட்டில் இருக்கிறார். கடல்நீரேரிக் கரையில் வலை காயப்போட்டிருந்த வீடு. மலர் மீன் வெட்டிக்கொண்டிருந்த கையோடு வந்தாள்.

"ஐயாவோ? அவர் காலமை கொடிகாமத்துக்குப் போட்டாரே."

"நான் வருவதாக என் மகள் நேற்றே போனில் சொன்னாளே?"

"ஓம், சொன்னவா. நானும் ஐயாவிட்டைச் சொன்னனான். அதுக்குப் பேந்துதான் சேட்டைப் போட்டுக்கொண்டு வெளிக்கிட்டவர்."

"அவரிடம் போன் இருக்கிறதா?"

"இருக்கு. அந்தா, அலுமாரிக்கு மேலை."

இருந்து ஒரு பிளேன்ரீ குடித்துப் போகச் சொன்னாள். பாலில்லாத தேநீர், கடித்துக்கொள்ளப் பனங்கட்டி. எங்கள் கருப்பட்டியைவிடக் கொஞ்சம் இளசு. "அந்தரப்படாதேங்கோ அம்மா, பின்னேரம் வந்திடுவார்" என்றாள். அந்தரப்படாதே என்றால் பதறாதே என்று பொருள். இந்த நான்கு நாட்களில் எத்தனை பேர் எனக்கு இதைச் சொன்னார்கள் என்று கணக்கில்லை. சொன்னவர் ஒருவரும் பதறாமல் இருக்க ஒரு காரணம் காட்டவில்லை.

கொடிகாமத்துக்கு பஸ் ஏறினேன். கொடிகாமம் வந்ததும் சொல்லுங்கள் என்று நடத்துநரிடம் இரண்டு தடவை சொன்னேன். எனக்கு முன்சீட்டில் இரண்டு பெண்கள்.

"மாப்பிள்ளை கனடாவிலை நிண்டு எல்லாத்துக்கும் ஓம் எண்டு சொன்னவனாம்."

"சொல்லுவான் தானே. அங்கை சோறு காய்ச்சி அலுத்துப்போயிருப்பான்."

நானும் சிரித்தேன். மூன்று நாளில் முதல் சிரிப்பு. அதற்குள் சந்தை, சாக்கு மூட்டைகள், ஒரு சந்தி எல்லாம் ஜன்னலில் ஓடிப்போயின. கொஞ்ச நேரம் கழித்து நடத்துநர் என்னைப் பார்த்தார்.

"அம்மா, நீங்கள் கொடிகாமம் எல்லே? அது போட்டுதே!"

"சொல்லச் சொன்னேனே!"

"இறங்கிற எல்லாரும் இறங்கினவை. நீங்களும் இறங்கிட்டியள் எண்டு நினைச்சன்."

அது என்ன நியாயம்? பளையில் இறக்கிவிட்டார். வெயிலில் முக்கால் மணி நேரம் நின்று, கத்தரிக்காய் மூட்டைகளுக்கு நடுவே ஒற்றைக் காலில் திரும்பினேன்.

ராசையா வந்தாராம், போய்விட்டாராம். சந்தையில் இதைச் சொன்னவர் நடேசு, மரக்கறி வியாபாரி. அந்தக் காணியை வாங்கியவரின் மகன். ஜெனிக்குக் கதை சொன்ன மூவரில் ஒருவர். எனக்கும் சொன்னார். கதியாலைப் பிடுங்குவதை வெங்காயத் தாளை வைத்து நடித்தே காட்டினார்.

"எங்கடை ஐயா கதியாலைக் கையிலை வாங்கினவுடனை நொத்தாரிசு எழுதத் தொடங்கிட்டார் ரீச்சர். அந்தக் காலத்து மனிசர். வாய்ச் சண்டை இல்லை, வழக்கு இல்லை. கதியாலைக் குடுத்தால் உரித்தை விட்டுட்டன் எண்டு அர்த்தம். வழக்கம் அது."

இருபத்தெட்டு வருடம் வரலாறு சொல்லிக்கொடுத்த வாய் சும்மா இருக்கவில்லை. "இப்படி வேறு யார் யார் கொடுத்திருக்கிறார்கள்?"

"கனபேர் குடுத்திருப்பினம்."

"நீங்கள் பார்த்தது? கேள்விப்பட்டது? ஒரு பெயர் சொல்லுங்கள்."

நடேசு தராசைப் பிடித்தபடி யோசித்தார். பக்கத்துக் கடைக்காரரைக் கேட்டார். அவர் இன்னொருவரைக் கேட்டார். மூன்று பேரும் மேலே பார்த்தார்கள்.

"ராசையாண்ணைதான் குடுத்தவர்" என்றார் நடேசு கடைசியில்.

"அவர் மட்டும்?"

"ஓம். ஆனால் வழக்கம் தானே ரீச்சர்."

எனக்கு வந்த கோபத்தைச் சொல்லி முடியாது. ஒரே ஓர் ஆள், ஒரே ஒரு தடவை, ஒரு கம்பைப் பிடுங்கியிருக்கிறான். ஊர் அதை வழக்கம் என்கிறது. என் மகள் அதைக் கொண்டுபோய் மூவாயிரம் வருடத்துச் செருப்போடு கட்டியிருக்கிறாள். அந்த வேலியைக் காட்டுங்கள் என்றேன். சண்டைக் காலத்தில் வேலியும் போய்விட்டது, பனைகளும் போய்விட்டன, இப்போது கம்பிவேலி என்றார். போகும்போது இரண்டு கிலோ கத்தரிக்காயைப் பையில் போட்டுக் கையில் திணித்தார். மருத்துவமனையில் கத்தரிக்காயை வைத்து நான் என்ன செய்வது? சொன்னால் வருத்தப்படுவார் என்று சுமந்துவந்து நர்ஸ்களுக்குக் கொடுத்தேன்.

ஜெனியிடம் சொன்னேன். "உன் வழக்கத்துக்கு ஒரே சாட்சிதான் இருக்கு. அவரும் ஓடுறார்."

அவள் கண்ணை மூடிக்கொண்டு, "அதான் அவர் வேணும்ங்கிறேன்" என்றாள். அன்று தட்டணுக்கள் இன்னும் குறைந்திருந்தன.

வியாழன். கொழும்புத்துறைக்கு மறுபடியும். ராசையா இல்லை. அளவெட்டியில் கோயில் திருவிழா, நாதஸ்வரம் கேட்கப் போய்விட்டாராம். சீலன் ஓட்டோவைத் திருப்பினார். வழியெல்லாம் அளவெட்டி நாதஸ்வரத்தைப் பற்றிப் பாடம் எடுத்தார். பாதி வழியில் பின் சக்கரம் உட்கார்ந்துவிட்டது.

"ரயர் காத்துப் போட்டுது அம்மா. ரெண்டு நிமிசம்."

ஐம்பது நிமிடம். ஒரு புகையிலைத் தோட்டத்து ஓரம் நின்று, மகளின் எண்ணுக்கு மூன்று தடவை போன் செய்தேன். யாரும் எடுக்கவில்லை. பிறகு எடுத்தாள், தூங்கிவிட்டாளாம். அந்த ஐம்பது நிமிடத்தில் நான் என்னவெல்லாம் நினைத்தேன் என்று எழுத விரும்பவில்லை. ஊர் திரும்பி ஒரு மாதமாகிறது. இன்னமும் இரண்டு மணி அடித்தும் அவள் எடுக்காவிட்டால், உடனே வைத்துவிட்டு மறுபடி அடிக்கிறேன்.

அளவெட்டிக் கோயிலில் நாதஸ்வரம் முடிந்து, தவில்காரர் விரல்களிலிருந்து கூடுகளைக் கழற்றிக்கொண்டிருந்தார். ராசையா முன்வரிசையில்தான் இருந்தாராம். "தமிழ்நாட்டு அம்மா ஒராள் தேடி வாறா எண்டு மகள் ஆருக்கோ போன் பண்ணிச் சொன்னவவாம். உடனை எழும்பிட்டார்" என்றார் செருப்பு பார்த்துக்கொள்ளும் மனிதர்.

திரும்பவும் கொழும்புத்துறை. இந்த முறை பிளேன்ரீ வேண்டாம் என்றேன். மலரிடம் குரலை உயர்த்தினேன். அதை இப்போது நினைத்தாலும் வெட்கமாக இருக்கிறது.

"உன் அப்பாவுக்கு என்ன, நான் கடன்காரியா? என் பிள்ளை கட்டிலில் கிடக்கிறாள். ஒரு கம்பைப் பிடுங்கினேன் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். அவள் அதைச் சட்டம் என்று புத்தகத்தில் எழுதிவிட்டு என்னோடு வீட்டுக்கு வருவாள். அதற்கு இத்தனை கண்ணாமூச்சி விளையாட்டா?"

மலர் மீன் செதில் ஒட்டிய கையைப் பாவாடையில் துடைத்தாள். கோபப்படவில்லை. "அம்மா, ஐயா எங்கையும் ஒளிக்கிறவர் இல்லை. உந்தக் கதை எண்டால்தான் எழும்பிப் போயிடுவார். கலியாண வீட்டிலை ஆரும் துவங்கினாலும் சாப்பாட்டை விட்டிட்டு எழும்புவார். ஏனெண்டு எங்களுக்குத் தெரியாது. நான் கேட்டதுமில்லை."

பிறகு, "புத்தகத்திலையோ எழுதப் போறா?" என்று கேட்டாள்.

"ஆமாம். சட்டம் என்று."

வெள்ளி. காலையில் தட்டணுக்கள் ஏறத் தொடங்கியிருந்தன. டாக்டர் சிரித்தார். நான் மருத்துவமனைத் தாழ்வாரத்தில் சுவரைப் பார்த்து நின்று அழுதேன். பின்பு புட்டும் சம்பலும் முழுதாகச் சாப்பிட்டேன். ஜெனி மடிக்கணினியை வயிற்றில் வைத்துக்கொண்டு அத்தியாயத்தைத் திறந்தாள், மூடினாள். பன்னிரண்டு மணி. ஒரு மணி. இரண்டு.

மூன்று மணிக்கு நான் சொல்லக் கூடாததைச் சொன்னேன். "அவரே சொன்னார்னு எழுதிரு. மூணு பேர் சொன்னதுதானே. யாருக்குத் தெரியும்?"

ஜெனி மடிக்கணினியிலிருந்து தலை நிமிர்ந்தாள். "அம்மா, வேத காலத்துல ஒரு அம்மா இப்படிச் சொல்லி யாரோ எழுதிட்டதாலதான் நான் இப்ப கிடந்து முழிக்கிறேன்."

சிரித்தாள். நானும். அதன் பிறகு அவள், "எடுத்துடறேன்" என்றாள். அத்தியாயத்தின் எல்லாப் பக்கங்களையும் தேர்ந்தெடுத்து நீலமாக்கினாள். விரலை அழிக்கும் விசை மேல் வைத்தாள். அழுத்தவில்லை. நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். ஆறு வருடம் அவளுக்குத் தபாலில் ஊறுகாய் அனுப்பியவள் நான். அதைப் பார்க்க முடியவில்லை.

நான்கு இருபதுக்குப் பார்வையாளர் நேரத்தில் அவர் வந்தார். மலர் வாசலோடு நின்றுவிட்டாள். மெலிந்த உயரமான மனிதர், வெள்ளை வேட்டி, எண்ணெய் வைத்து வாரிய நரைமுடி. மூன்று நாட்களாக வசவு சேர்த்துவைத்திருந்த நான் நாற்காலியைக் கொடுத்தேன். அவர் ஜெனியின் கையிலிருந்த ஊசியைப் பார்த்தார்.

"இப்ப சுகமோ பிள்ளை?"

"ஓரளவு சுகம் ஐயா."

"நீர்தான் எழுதுறதோ?"

"ஆமா ஐயா."

"ஊர் கதைக்கட்டும். ஊர் என்னத்தையும் கதைக்கும். புத்தகத்திலை அது வழக்கம் எண்டு வரக்கூடாது. மகள் சொன்னாள், அதுதான் வந்தனான்."

ஜெனி மெதுவாகக் கேட்டாள். "அப்ப கதியால் குடுக்கிற வழக்கம் இல்லையா?"

"எனக்கு முந்தி ஒருத்தரும் குடுக்கேல்லை. பேந்தும் ஒருத்தரும் குடுக்கேல்லை." கைகளை முழங்கால் மேல் வைத்துக்கொண்டார். "நொத்தாரிசு கேட்டவர், விடுறியோ எண்டு. ஓம் எண்டால் காணும், சட்டத்துக்கு அவ்வளவும் போதும். அது என்ரை அண்ணை கிணறு வெட்டின காணி, பிள்ளை. வாங்க எனக்கு வழியில்லை. அண்ணி அழுதுகொண்டு நிக்கிறா. ஊர் முழுக்க என்ரை வாயைப் பாத்துக்கொண்டு நிக்குது. வாய் திறக்கேல்லை. கை சும்மா நிக்கேல்லை, பக்கத்திலை நிண்ட கதியாலைப் பிடுங்கிப்போட்டன். பிடுங்கினதை எங்கையாவது வைக்கவேணுமே? முன்னுக்கு நிண்டவன்ரை கையிலை குடுத்திட்டுப் போட்டன்."

"நொத்தாரிசு அதைச் சம்மதம்னு எழுதிட்டார்."

"எழுதினவர். பேந்து ஊர் என்னைப் பெரிய மனிசன் எண்டுது. வழக்கத்தைக் காப்பாத்தினவனாம். அந்தக் கதை துவங்கினால் நான் எழும்பிப் போறனான்."

ஜெனி நீலமாக்கியிருந்த பக்கங்களை விடுவித்தாள். விசைப்பலகை மேல் கை வைத்து, "இதை நான் எப்படி எழுதணும் ஐயா?" என்று கேட்டாள்.

அவர் அவளைப் பார்க்கவில்லை, என்னையும் பார்க்கவில்லை. "விடுறன் எண்டு ராசையா சொல்லேல்லை எண்டு எழுது" என்றார். "அண்டைக்கும் சொல்லேல்லை. இண்டை வரைக்கும் சொல்லேல்லை."